மார்கழியில் மாட்டாத டயர்

நாள் பார்த்துச் செய்து கெட்டவர்களும் உண்டு, பார்க்காமல் செய்து நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் பார்க்காமல் செய்து கெட்டவனுக்குத்தான் ஊரில் ஏச்சு அதிகம். அதனால் பார்த்துவிடுவதே பத்திரம். இது என் கொள்கை. இந்தக் கொள்கையினால் ஜெர்மனியில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. ஆளுக்கு ஒரு விதமாகக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். என் பேரன் சொல்லும்போது அதில் கரடிகூட வருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். கரடியெல்லாம் கிடையாது.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். அத்தை மகன் மெட்ராஸில் இன்ஜினியருக்குப் படித்து, மேல்படிப்புக்கு ஜெர்மனி போய், டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். 'அவன் இனிமே இந்தப் படிக்காத புள்ளையவா கட்டுவான்?' என்று ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அத்தான் வந்தார், தாலி கட்டினார், விமானத்தில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அறுபதுகளின் கடைசி அது. (ஊர்க்காரர்கள் வாயை மூட ரொம்ப நாள் ஆனதாகக் கேள்வி.)

அங்கே போய்ச் சில வருஷங்கள் அத்தானுக்கு சைக்கிள்தான். பிறகு அந்தப் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் எடுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. பெரிய பெரிய சாலையில் ஜனங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேரோட்டம் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி நடந்து போனார்கள். எல்லோரும் பெரிய காரை விற்றுவிட்டுச் சின்னக் கார் தேடினார்கள். எங்கள் தெருவில் இருந்த பல் டாக்டர் தம்முடைய பந்தயக் கார் மாதிரியான வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். உலகமே வேண்டாம் என்று சொன்ன நேரத்தில் அதை வாங்கியவர் எங்கள் அத்தான்.

ஆரஞ்சுப்பழ நிறம். இரண்டே கதவு. உள்ளே உட்கார்ந்தால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். பின்சீட் என்று ஒன்று பேருக்கு இருந்தது, இரண்டு பூசணிக்காய் வைக்கலாம். டயர்களோ அகலம் அகலமாக, கோயில் யானையின் கால் மாதிரி. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகும் என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருடைய அப்பா மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிப் போனவர். மகனுக்கு இருநூறு வேண்டியிருந்தது. நானும் தடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அந்தக் காரில் கடைத்தெருவுக்குப் போய் இறங்குவதில் எனக்கும் ஒரு கெத்து இருந்தது என்று வையுங்கள்.

முதல் குளிர்காலம் முழுக்க அத்தான் காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு சைக்கிளில் போனார். நம் ஊர் மார்கழிப் பனி இல்லை அது, பஞ்சுப் பொதி அவிழ்ந்த மாதிரி வானத்திலிருந்து கொட்டுகிற பனி. அதில் இந்தக் கார் நிற்காது என்று அவருக்கே தெரியும். அடுத்த குளிர்காலத்தில் மூடிவைக்க முடியவில்லை. ரோஸ்லின் கல்யாணம் வந்துவிட்டது.

ரோஸ்லின் பாளையங்கோட்டைப் பெண். டுசல்டோர்ஃபில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெபராஜ் டார்ம்ஸ்டாட்டில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்த பையன். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிற தமிழ்ப் பையன்களில் அவனும் ஒருத்தன். ஒரு பொங்கலன்று ரோஸ்லினும் வந்தாள். அவன் மூன்று தடவை ரசம் கேட்டுவிட்டு ஒரு தடவைகூடக் குடிக்காததை நான் அப்போதே கவனித்தேன்.

ஊரில் ரோஸ்லினின் அப்பா தலைமையாசிரியர். இவர்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வெகுநாள் ஆக்கினார். கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டார். வேதம் வாசிப்பதும் ஜெபம் பண்ணுவதும் தமிழில் நடக்க வேண்டும். அடுத்து, பொங்கலுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருக்கிற அரிசி மில்காரரின் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் தமிழில் கல்யாணம் நடத்துகிற போதகரை எங்கே தேடுவது? ஜெபராஜ் தேடிப் பிடித்தான். தரங்கம்பாடிப் பக்கம் பல வருஷம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரப் போதகர் ஒருவர், எங்கள் ஊருக்குக் கிழக்கே மலைமேல் ஒரு கிராமத்தில் இருந்தார். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே அவரைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வண்டி வருகிறது, அதற்குப் பிறகு எப்போது எழுந்து நிற்பார் என்று தெரியாது. ஆக அந்த ஒரு மணி நேரம்தான். தப்பினால் அரிசி மில்.

பெண்ணுக்கு இங்கே சொந்தம் என்று சொல்ல நான்தான். முந்தின நாள் அவள் என் வீட்டில் வந்து தங்குவது, காலையில் எங்கள் காரில் கோயிலில் கொண்டுபோய் இறக்குவது என்று ஏற்பாடு. மலைப்பாதை என்பதால் குளிர்கால டயர் வாங்கியே தீர வேண்டும் என்றார் அத்தான்.

டயர்க் கடைக்கு நானும் போனேன். அத்தான் தனியாக எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரன் சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு வருவார். கடைக்காரர் மீசையும் நீல அங்கியுமாக இருந்தார். காரைச் சுற்றி வந்தார். பிறகு ஒல்லியாக ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"என்னத்தான் இது? இவ்வளவு பெரிய காருக்கு இப்படி நோஞ்சான் கால்?" என்றேன்.

அத்தான் கேட்டுச் சொன்னார். "அகலமா இருந்தா பனிமேல மிதக்குமாம். ஒல்லியா இருந்தாத்தான் அழுந்திப் பிடிக்குமாம்."

"அப்பச் சரி. கத்தியும் ஒல்லிதான்."

அத்தானுடைய கவலை வேறு. "இது எவ்வளவு வேகம் தாங்கும்னு கேட்டேன். நூத்தறுபதுக்கு மேல போகக்கூடாதாம். எந்தக் குளிர்கால டயரும் அப்படித்தானாம். அத ஒரு சீட்டுல போட்டு ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டணுமாம். எப்பவும் கண்ணுல படுற மாதிரி." அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குதிரை வாங்கினவனிடம் போய்ச் சாணம் அள்ளச் சொன்ன மாதிரி.

"மழைக்குச் செருப்பு வாங்க வந்த இடத்துல ஓட்டப்பந்தயத்துக்குக் கேட்டா எப்படி?" என்றேன்.

மூன்று வகை காட்டினார்கள். ஒன்று அகலம். ஒன்று ஆணி அடித்தது. (பார்க்கவே பயமாக இருந்தது, முனீஸ்வரன் கோயில் செருப்பு மாதிரி.) இன்னொன்று ஒல்லி, ஆழமாக வரி வரியாக வெட்டியது. நான் மூன்றையும் தட்டிப் பார்த்தேன், தேங்காய்க்குத் தட்டுவதுபோல. நகத்தை வைத்து அழுத்தினேன். முகர்ந்தும் பார்த்தேன். அந்த வெளிக்குளிரில் நின்றும் மூன்றாவது மட்டும் விறைக்காமல் மெத்தென்று இருந்தது.

"இதுதான். குளிருல இளகி இருக்கிறதுதான் பிடிக்கும். விறைச்சுக்கிட்டு நிக்கிறது எதையும் பிடிக்காது, மனுஷனும் அப்படித்தான்."

அத்தான் மொழிபெயர்த்தார். கடைக்காரர் மீசையைத் தடவிவிட்டு, அந்த டயரைத்தான் தானும் சொல்ல இருந்ததாகச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆகவே படிக்கிறவர்கள் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். டயர் தேர்ந்தெடுத்ததில் குற்றமே இல்லை. தேர்ந்தெடுத்தது நான்.

கோளாறு எங்கே என்றால், அந்தக் காருக்கு ஏற்ற அளவு கடையில் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். கார்த்திகையில் சொன்னது, இரும்புச் சக்கர வட்டைகளில் மாட்டித் தயாராக வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மார்கழியில் புதுசாக ஒன்றும் தொடங்க மாட்டோம். வீடு குடி போக மாட்டோம், பெண் பார்க்க மாட்டோம், புதுப் புடைவைகூட மடிப்பு உடைக்க மாட்டோம். கோலம் போடுவோம், சாமி கும்பிடுவோம், தை பிறக்கக் காத்திருப்போம். அத்தான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது நான் குறுக்கே நின்றுவிட்டேன்.

"வாங்கினது கார்த்திகை. மாட்டுறது தை. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"ஏளா, அதுக்குள்ள ரோஸ்லின் கல்யாணம் வருது!" (அத்தானுக்குக் கோபம் வந்தால்தான் 'ஏளா' வரும். மற்ற நேரமெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.)

ரோஸ்லினிடமே போனில் கேட்டேன். "ஏட்டி, மார்கழியில போய்க் கல்யாணம் வச்சிருக்கியே?"

"எங்களுக்கு மார்கழி இல்லக்கா. கிறிஸ்துமஸ்தான்."

"உனக்கு இல்ல, சரி. கல்யாணம் வேதக்கார வீட்டுக் கல்யாணம். காரு நம்ம காருல்லா?"

அவள் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் ஜாக்கியைக் கீழே வைத்தார். அவர் ஏன் அவ்வளவு சுலபமாக வைத்தார் என்பது எனக்குத் தெரியும். டயரை மாட்டினால் அந்த நூற்றறுபது சீட்டையும் ஒட்ட வேண்டுமே! மார்கழி என் பேரில் இருந்தது, நிம்மதி அவருக்கு.

கீழறையில் வீட்டுக்காரம்மா ஹில்டாவின் உருளைக்கிழங்கு மூட்டைகள். ஆகவே நான்கு டயரும் எங்கள் ஹாலில் இடம் பிடித்தன. மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிற பையன்களுக்கு நாற்காலி போதாது. இரண்டு இரண்டாக அடுக்கி, மேலே ஒரு துண்டை விரித்தால் உட்கார வாகாக இருந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பின்னால் பெரிய பெரிய விஞ்ஞானிகளாக வந்தார்கள். ஹில்டா ஒரு நாள் வாடகை விஷயமாக வந்து ஹாலைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இது என்ன?"

"டயர்" என்றேன். அந்த அளவு ஜெர்மன் எனக்கு வரும்.

"டயர் என்று தெரிகிறது. அதன் நெற்றியில் என்ன?"

அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. என் நெற்றியைக் காட்டினேன். அவள் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ எங்களுக்குள் உறவு என்று நினைத்தாளோ என்னவோ, அதற்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து பிரியாணி தம் போட்டிருந்தேன். பெரிய செப்புப் பானை, ஊரிலிருந்து கொண்டுவந்தது. ரோஸ்லின் சந்தன நிறப் பட்டில், தலையில் வெள்ளை வலையும் காகிதப் பூவுமாகப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஜன்னலையும் டயர்களையும் பார்த்தபடி நடந்தார்.

"மாட்டிரட்டுமா?"

"இன்னும் ஒரு வாரம்கூட இல்ல தை பிறக்க. இப்ப மாட்டினா இத்தன நாள் காத்திருந்தது வீணாப்போகும்லா?"

"அக்கா, அண்ணன் மாட்டட்டுமேக்கா" என்று ரோஸ்லின் மெதுவாகச் சொன்னாள்.

"கல்யாணப் பொண்ணு பேசக்கூடாது. ரோட்டப் பாரு, பனி உருக உப்புப் போட்டுக் கறுப்பாக் கிடக்கு. வழுக்காது."

தெருவில் உப்புப் போட்டிருந்தது உண்மை. மலைக்கு யார் உப்புப் போடுவார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊறுகாய் போடத் தெரிந்தவளுக்கு உப்பு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அந்த வயதில் எனக்கு வாய் இருந்த அளவுக்குக் கணக்கு இல்லை.

கிளம்பினோம். ரோஸ்லின் முன்சீட்டில். நான் பூசணிக்காய் சீட்டில், முழங்காலை மடக்கி, மடியில் பிரியாணிப் பானையோடு. டிக்கியில் அது நுழையவில்லை. சமவெளியில் கார் பட்டுப்போல ஓடியது. "பாத்தீங்களா?" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். அதுதான் நான் கடைசியாகப் பெருமை பேசியது.

மலை ஏறத் தொடங்கிய முதல் வளைவிலேயே கார் ஒரு மாதிரி முனகியது. அத்தான் அழுத்தினார். பின்சக்கரம் இரண்டும் ஊ என்று சுற்றின, கார் மட்டும் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். அத்தனை குதிரைச் சக்தி, இத்தனை குதிரைச் சக்தி என்று பெருமை பேசுவாரே, அவ்வளவு குதிரையும் ஒரே இடத்தில் நின்று பின்னங்காலால் உதைத்தன. அப்புறம் கார் மெல்ல, மரியாதையாக, பின்பக்கமாகவே இறங்கத் தொடங்கியது. அத்தான் பிரேக்கை மிதித்தார். அது சறுக்கிக்கொண்டே போய், சாலையோரப் பள்ளத்தில், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி தன்னைத்தானே போட்டுக்கொண்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பானைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. கோயில் இன்னும் மலைக்கு மேலே.

அத்தான் இறங்கித் தள்ளினார். நானும் பட்டுப்புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். டயர் சுற்றிப் பனிச்சேற்றை என் முகத்தில் அடித்ததுதான் மிச்சம். அத்தான் என்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். ரோஸ்லின் காருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தேன். அவள் அழவில்லை.

"அப்பாக்கு என்னன்னு எழுதுவேன்க்கா?" என்றாள். "டயரு மாட்டலன்னா?"

பின்சீட்டிலிருந்த பானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சுற்றிலும் வெள்ளை. ஊசியிலை மரமெல்லாம் பனி சுமந்துகொண்டு நிற்கிறது. ஒரு சத்தமில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நடுமலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். முருகனைக் கூப்பிட்டேன். கல்யாணம் அவர்களுடையது என்பதால் மாதாவையும் ஒரு வார்த்தை கூப்பிட்டேன். (ரோஸ்லின் வீட்டார் மாதா கோயில்காரர்கள் இல்லை என்று பிறகுதான் சொன்னார்கள். அவசரத்தில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்?)

யார் அனுப்பினார்களோ, கீழேயிருந்து ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது.

ஓட்டி வந்தவர் வயசான விவசாயி. காதை மூடிய தொப்பி, வாயில் சுருட்டு. டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி, ஆரஞ்சுக் காரைச் சுற்றி வந்தார். குனிந்து டயரைக் கட்டை விரலால் தடவினார்.

"உங்கள் ஊரில் இப்போது கோடைக்காலமா?" என்று கேட்டாராம். அவர் பேச்சையெல்லாம் அத்தான் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"குளிர்கால டயர் வாங்கி வைத்திருக்கிறோம்" என்றாராம் அத்தான்.

"எங்கே?"

"ஹாலில்."

அந்த மனிதர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஹாலில் நிறையப் பனி விழுமோ?"

அத்தானுக்குப் பொய் வராது. மார்கழி என்று ஒரு மாதம், அதில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று அந்தக் கொட்டுகிற பனியில் நின்று விளக்கமாகச் சொன்னார். யார் அப்படிச் சொன்னது என்று விவசாயி கேட்டார். அத்தான் கையை நீட்டி என்னைக் காட்டினார். முகமெல்லாம் சேறு, நடுவில் பொட்டு, கையில் பானை. அந்த மனிதர் எனக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, தம் வீட்டிலும் இப்படி ஒருத்தி உண்டு, புதன்கிழமை தலைமுடி வெட்ட விடமாட்டாள் என்றாராம். அப்புறம் அத்தானுடைய தோளைத் தட்டினார். ஆண்பிள்ளைகள் எந்த நாட்டிலும் ஒரே சாதி.

காரை இழுக்க நேரமாகும், முதலில் மணப்பெண்ணைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அந்த ஊர் டிராக்டரில் பின்சக்கரத்து மட்கார்டுமேல் இரண்டு பக்கமும் சின்னதாக இருக்கை இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கும். வலது பக்கம் ரோஸ்லினை ஏற்றினார். இடது பக்கம் நான். பானையைக் கீழே வைக்க மனமில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். அத்தான் காருக்குக் காவலாகப் பள்ளத்தில் நின்றார். கையை ஆட்டினார், பாவம்.

அந்த டிராக்டர் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மாட்டு வண்டி வேகம்தான். ஆனால் அதன் பெரிய சக்கரம் பனியை நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறியது. மடியில் பானை கணகணவென்று சூடு. முகத்தில் ஊசி ஊசியாய்க் குளிர். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் புகைபோக்கிகளில் புகை எழும்பியது. பிரியாணி வாசனை காற்றில் அடிக்க, விவசாயி நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். (பானையைத்தான்.) ரோஸ்லினுடைய வலை பின்னால் பறந்தது. அவள் விவசாயியின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, விழுந்திருவேனாக்கா?"

"விழமாட்ட. ராணி கணக்கா இருக்க. நிமிந்து உக்காரு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. எனக்கும் அப்போது அவளை விடக் கொஞ்சம்தான் வயசு கூட. அம்மா ஸ்தானத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எவ்வளவு அதிகாரம் செய்தேன் என்று நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

கிராமத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். கோயில் வாசலில் ஜெபராஜ் கோட்டு சூட்டில், பனியைவிட வெளுத்துப்போய் நின்றான். பக்கத்தில் போதகர், வெள்ளைத் தாடி. ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றிருந்தது. அதன் டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போதகர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, சுத்தத் தமிழில் சொன்னார்:

"மணவாட்டி வருகிறாள் என்று அறிந்திருந்தேன். இடிமுழக்கத்தோடே வருவாள் என்று அறியாதிருந்தேன்! இறங்கி வா, மகளே. அம்மாள், தாங்கள் சுமந்து வருகிறது என்ன?"

"பிரியாணிங்கய்யா."

போதகர் கண்ணை மூடித் திறந்தார். டிரைவரிடம் திரும்பி ஜெர்மனில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்.

மலைமேல், பனிக்கு நடுவில், கல்லால் கட்டிய அந்தச் சின்னக் கோயிலில் தமிழ் ஒலித்தது. 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்று போதகர் சொல்லிக்கொடுக்க, ஜெபராஜுக்குக் குரல் உடைந்தது. ரோஸ்லின் தெளிவாகச் சொன்னாள். என் ஊர்ப் பேச்சை அந்த ஊரில், கிராமத்து ஜனங்கள் இத்தனை பேர் எழுந்து நின்று, மூச்சுவிடாமல் கேட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அழுதேன். விவசாயியும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து பானையைத் திறக்கும் நேரத்தில் அத்தான் முழங்கால்வரை பனியோடு நடந்தே வந்து சேர்ந்தார். கல்யாணத்தைத் தவறவிட்டார், பந்தியைத் தவறவிடவில்லை. ஆபரேஷனுக்கு முன் சாப்பிடக்கூடாது என்று டிரைவர் பதறப் பதற, போதகர் 'ஆபரேஷன் திங்கட்கிழமை அல்லவோ' என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

விவசாயி அன்றைக்கே காரைப் பள்ளத்திலிருந்து இழுத்துத் தந்தார். தை பிறந்தது. நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, டயரை மாட்டினோம். சீட்டையும் ஒட்டினோம். அந்த வருஷம் அதற்குப் பிறகு ஒரு பொட்டுப் பனி விழவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் 'டயர் ஹாலில் இருக்கா?' என்பார்கள். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை முதல் ஆஸ்பத்திரிக்குப் போகாத கிழவர் வரை எல்லோருக்கும் இதே கேள்விதான். சொல்லட்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன்களில் ஒருத்தன் அன்றைக்குப் படம் பிடித்திருந்தான். டிராக்டர்மேல் வலது பக்கம் கல்யாணப் பெண், இடது பக்கம் நான். ரோஸ்லின் அதைப் பெரிசாக்கித் தன் வீட்டில் மாட்டினாள். அவளுடைய மகள் அதைப் பார்த்தே வளர்ந்தாள். அந்த மகள் ஒரு ஜெர்மன்காரப் பையனைக் கட்டிக்கொள்வதாக இருந்தபோது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் ரோஸ்லின் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு வம்பாப் போச்சு. மாப்பிள்ள அந்தப் படத்தப் பாத்துட்டு, நம்ம ஊர்ல பொண்ண டிராக்டர்ல கூட்டிட்டு வாறதுதான் வழக்கம்னு நெனச்சிட்டான். டிராக்டருக்குச் சொல்லிட்டானாம். இடது பக்கம் பெரியம்மா உக்காரணும்னு அவங்க அம்மாகிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கான். இல்லன்னு சொல்லிரட்டுமாக்கா?"

"வாயத் தொறக்காத" என்றேன்.

நல்ல வெயில்காலம். மாவிலை கிடைக்காததால் ஏதோ ஒரு தழையைத் தோரணமாகக் கட்டி, சிவப்பு டிராக்டர் ஒன்று வந்து நின்றது. என்னை ஏற்றிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ரொம்பப் பக்தியாக, இந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஜெர்மன் கொஞ்சம் வந்திருந்தது. பெண் தன் புருஷன் வீட்டுக்கு அவசரப்படாமல், உயரத்தில் உட்கார்ந்து, ஊரார் பார்க்க, சத்தத்தோடு வர வேண்டும், அதுதான் அர்த்தம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

அத்தான் பக்கத்தில் நின்றார். கைத்தடியால் என் காலை இடித்து, "ஏளா, கோயில் வாசல்ல நின்னு பொய் சொல்லுதியே" என்றார்.

"பொய் என்னத்தான்?" என்றேன். "ரெண்டு தடவ நடந்தாச்சுல்லா? இனி அது வழக்கம்தான்."